பார்த்தாச்சு

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ‘யாரு அக்கா’ என்று பெயர். வைத்தது நான்தான். ‘பெயர் வச்சாச்சு’ என்று எழுதியிருந்தால் அவருக்குப் பிடித்திருக்காது. யார் வைத்தது என்று உடனே கேட்டிருப்பார். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பெயரே வந்தது.

மெத்தைக் கடைக்கு மேலே இருக்கும் மாடி எங்களுடையது. லிஃப்ட் உண்டு. தளத்துக்கு ஒரு சாண் கீழே நின்றுகொண்டு, மிச்சத்தை நீயே ஏறிக்கொள் என்று விட்டுவிடும். உள்ளே நீளமாக ஒரு கூடம், ஆளுக்கொரு மேசை, ஓரத்தில் முதலாளிக்கு ஒரு கண்ணாடி அறை. அவருக்கும் பட்டப்பெயர் உண்டு: ‘பண்ணிடலாம் சார்’. வாடிக்கையாளர் நிலாவுக்குப் படிக்கட்டு கேட்டாலும் “பண்ணிடலாம் சார்” என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பி, “நம்மால முடியுமா?” என்பார். நல்ல மனுஷர். இல்லை என்று சொல்லும் நரம்பு மட்டும் பிறவியிலேயே கிடையாது.

அந்தப் ‘பண்ணிடலாம்’ என்ற சொல்லை ஒரு வேலையாக மாற்றும் பொறுப்பு அக்காவுடையது. அவர் புரோகிராம் எழுதமாட்டார். திரைகளை வடிவமைக்கமாட்டார். எழுதுகிறவரும் வடிவமைக்கிறவரும் சோதிக்கிறவளும் ஒரே பொருளைத்தான் செய்துகொண்டிருக்கிறோமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. வெளியாள் பார்த்தால், ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலோடு மேசை மேசையாகப் போய்க் கதை பேசிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைப்பார். ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். திரும்பி வருவதற்குள் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, ஒரே கதவுக்கு இரண்டு பூட்டு செய்து வைத்திருந்தோம். அதற்குப் பிறகு அதைக் கதை என்று யாரும் சொல்வதில்லை.

காலைக் கூட்டம் இப்படித்தான் நடக்கும்.

“பழைய தகவலெல்லாம் புது இடத்துக்கு வந்துடுச்சா?”

“மாத்தியாச்சுக்கா.”

“யாரு?”

அவ்வளவுதான். இவன் அவனைப் பார்ப்பான், அவன் கூரையைப் பார்ப்பான்.

“நீதானே மாத்தறேன்னு சொன்ன?”

“நான் எங்க சொன்னேன்? நீ ஆரம்பிச்சிட்டன்னு நெனச்சேன்.”

“ஆச்சுன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா. செஞ்சேன்னு சொல்லுங்க, இல்ல செய்யலன்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் கடிச்சிடமாட்டேன்” என்பார் அக்கா.

கடிக்கமாட்டார், வாஸ்தவம். ஆனால் அந்த ‘யாரு’ கடிக்கும். என்னையே கடித்திருக்கிறது, இத்தனைக்கும் நான் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துப் பிழைக்கிறவள். மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் உத்தியோகம். ‘பூதக்கண்ணாடி’ என்று என்னை முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முன்னால் சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

இந்த ‘யாரு’ வியாதி அக்காவுக்கு வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டது. அவருடைய கணவர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர். பாடப்புத்தகங்கள் அச்சேறும் முன் எழுத்தெழுத்தாகப் படித்துப் பிழை திருத்துகிறவர். கல்யாணமான புதிதில் அக்கா, “துணியெல்லாம் காயப் போட்டாச்சு” என்றால், அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், “யாரு?” என்பாராம்.

“நான்தான். வேற யாரு இருக்கா இந்த வீட்டுல?”

“அப்ப போட்டேன்னு சொல்லு. மத்த வாக்கியத்துலயெல்லாம் செஞ்சவன் வாலா ஒட்டிக்கிட்டே வருவான். போட்டேன், போட்டான், போட்டாங்க. இந்த ஆச்சுல மட்டும் ஆள் கம்பி நீட்டிடுவான். எழுவாய் இல்லாத வாக்கியத்தை நம்பவே கூடாதும்மா.”

புருஷன் இலக்கணம் பேசியது அப்போது எரிச்சலாக இருந்ததாம். வேலைக்கு வந்த பிறகுதான், எந்தத் திட்டம் ஊற்றிக்கொண்டாலும் அதன் அடியில் ஒரு ‘ஆச்சு’ இருப்பதைப் பார்த்திருக்கிறார். சொல்லியாச்சு, அனுப்பியாச்சு, பேசியாச்சு. கடைசியில் சொன்னவரும் இல்லை, அனுப்பியவரும் இல்லை, பேசியவரும் இல்லை.

நானும் அக்காவும் ஒரே பஸ். அவர் வீட்டு நிறுத்தம் முதலில் வரும், பாதி நாள் நானும் அங்கேயே இறங்கிவிடுவேன். அவர் கணவரை முதல் நாள் நான் ‘அண்ணா’ என்று கூப்பிட்டபோது மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “இவ உனக்கு அக்கா, நான் உனக்கு அண்ணன்னா எங்க கல்யாணமே செல்லாதேம்மா. பிழை. திருத்து.” அன்றிலிருந்து அவர் எனக்கு மாமா.

மாமாவைப் பற்றித்தான் அந்த வருஷம் முழுக்க அக்காவுக்குக் கவலை. அவருக்குச் சர்க்கரை. காலையும் மாலையும் பேனா ஊசியால் தானே இன்சுலின் போட்டுக்கொள்வார். பல வருஷம் ஒழுங்காக இருந்த சர்க்கரை, சில மாதங்களாகத் திடீர் திடீரென்று ஏறியது, இறங்கியது. ஒரு நாள் அச்சகத்திலிருந்து திரும்பும்போது பஸ் நிறுத்தத்திலேயே வியர்த்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர் இனிப்புத் தண்ணீர் கொடுத்துத் தெளிய வைத்திருக்கிறார். டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, “இப்படியே போச்சுன்னா ஒரு நாள் தூக்கத்துலயே மயக்கமாயிடுவார்மா. எங்கயோ அளவு தப்புது. எங்கன்னு பாருங்க” என்று சொல்லிவிட்டார்.

அக்கா பார்த்தார். சாப்பாட்டைப் பார்த்தார், நடையைப் பார்த்தார், தூக்கத்தைப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் தாமதமானால் மாடிப்படித் திருப்பத்தில் நின்று போன் போடுவார். “ஊசி?” என்று இவர் கேட்பதும், “போட்டாச்சு, போட்டாச்சு. நீ நிதானமா வா” என்று மாமா சொல்வதும் எனக்கே கேட்கும். இவர் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அங்கேயே நிற்பார். அவரை இழந்துவிடுவோமோ என்ற பயம் அந்த முகத்தில் அப்படியே எழுதியிருக்கும். பிறகு துடைத்துவிட்டு உள்ளே வந்து, “யாரு?” என்பார்.

அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனை வேலை வந்தது. படுக்கையில் இருக்கும் நோயாளி மணியை அழுத்தினால் நர்ஸுக்குத் தெரியவேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் மருத்துவமனை நிர்வாகிக்கு ஆசை ஒன்றோடு நிற்கவில்லை. திரையைத் திறந்தால் கட்டடத்தின் படம் வரவேண்டும், டாக்டர்களின் பிறந்தநாள் வரவேண்டும், வெளியே மழையா வெயிலா என்று வரவேண்டும். எல்லாவற்றுக்கும் எங்கள் முதலாளி “பண்ணிடலாம் சார்” என்று சொல்லிவிட்டு வந்தார். முடிக்கும் தேதியையும் எங்களைக் கேட்காமலேயே கொடுத்துவிட்டு வந்தார்.

அக்கா நிர்வாகிக்குப் போன் போட்டார். “பண்ணிடலாம் சார். எதை விட்டுட்டு பண்ணட்டும்?”

“விட்டுட்டா?”

“ஆமாங்க. மழை வேணும்னா மணி கொஞ்சம் தள்ளிப் போகும். மணியா மழையா, நீங்களே சொல்லுங்க.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மென்று விழுங்கிவிட்டு, மணியே போதும் என்றார்கள். சண்டை போடாமல் இல்லை என்று சொல்லும் வித்தை அது. நானாக இருந்தால் சண்டையை முதலில் போட்டுவிட்டு, பிறகு ஏன் என்று யோசித்திருப்பேன்.

அடுத்து எங்களை வார்டுக்கே கூட்டிப்போய் உட்கார வைத்தார். நர்ஸ் மேசைமேல் பெரிய திரை ஒன்று மாட்டுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். நாங்கள் காலையிலிருந்து அந்த மேசைக்குப் பக்கத்தில் இருந்தோம். நாற்காலியில் ஒரு ஆள் உட்காரவில்லை. “நீங்க உக்காரவே மாட்டீங்களாக்கா?” என்று தலைமை நர்ஸைக் கேட்டேன். “உக்காந்தா எங்களையும் ஒரு பெட்டுல சேத்துடுவாங்க” என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரும் வழியில் அக்கா, “திரை வேணாம். இடுப்புல மாட்டிக்கிற சின்னக் கருவிதான் வேணும்” என்றார். முதலாளி முகம் தொங்கிப்போனது. பெரிய திரையென்றால் நாலு பேர் பார்க்கப் பளபளவென்று இருந்திருக்கும்.

கருவிக்கான வேலையைச் செய்தது ‘மௌனம்’. அவன் எங்கள் புரோகிராமர்களில் கெட்டிக்காரன். வாயில் முத்து வைத்திருக்கிறான், திறந்தால் கொட்டிவிடும் என்பது போல இருப்பான். வேலை பின்தங்கியபோது முதலாளி, “இன்னும் நாலு பேரைப் போட்டா சீக்கிரம் முடியுமா?” என்று கேட்டார்.

“புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக்குடுக்கப் போறது யாரு?”

“மௌனம்தான்.”

“அப்ப வேலை செய்யப் போறது யாரு?”

முதலாளி கண்ணாடி அறைக்குள் போய்விட்டார்.

மணி அடித்தால் வார்டில் இருக்கும் எல்லா நர்ஸின் இடுப்பிலும் கருவி அதிரும். படுக்கை எண் வரும். கீழே ஒரு பொத்தான். ஒருவர் அழுத்திவிட்டால் மற்றவர்கள் கருவியில் அதிர்வு நின்று, அதே சொல் அங்கேயும் வரும். அந்தப் பொத்தானில் ‘பார்த்துவிட்டேன்’ என்று எழுதியிருந்தது. இடம் போதாமல் ‘ட்டேன்’ மட்டும் கீழே இறங்கிப் படுக்கை எண்ணின்மேல் உட்கார்ந்துகொண்டது.

“பார்த்தாச்சுன்னு போடு, அடங்கிடும்” என்றார் அக்கா.

கூடமே திரும்பிப் பார்த்தது. “அக்கா, நீங்களா?” என்றேன்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “இடமில்லடி, என்ன பண்ண? எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டறேன். அவர் ஒத்துக்கிட்டா இருக்கட்டும்.” திரைகளையெல்லாம் படமெடுத்து மாமாவின் போனுக்கு அனுப்பினார். எங்கள் தமிழை அவர்தான் எப்போதும் பார்த்துக் கொடுப்பார். ஒரு ஒற்று விட்டுப்போனாலும் காது புளிக்கப் பேசுவார்.

மறுநாள் அக்கா வந்து சொன்னார்: “பாத்தாச்சு, எல்லாம் சரியா இருக்குன்னுட்டார்.”

வயசாக ஆக மனுஷர் கனிந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வேலை ஓரளவு முடிந்ததும் நிர்வாகிகளை வரிசையாக உட்கார வைத்துக் காட்டிவிடலாம் என்றார் முதலாளி. காட்டுவது வேறு, பயன்படுத்துவது வேறு என்றார் அக்கா. ஒரே ஒரு வார்டில், நர்ஸுகள் தங்கள் வழக்கமான வேலையில் இருக்கும்போது, வெறும் படுக்கை ஒன்றை வைத்துச் சோதிப்போம் என்று பிடிவாதமாக நின்றார். நர்ஸுகளுக்கும் முன்கூட்டியே சொன்னார். நோயாளியாகப் படுத்துக்கொள்ள ஆள் வேண்டுமே?

“யாரு?” என்றார்.

“நான்” என்றேன். சம்பளத்தோடு படுக்கச் சொன்னால் யார் விடுவார்கள்?

வார்டின் கோடியில், தூணுக்குப் பின்னால் இருந்தது என் படுக்கை. மணியை அழுத்தினேன். காத்திருந்தேன். கூரையில் ஒழுகின கறை ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். செருப்புச் சத்தம் வந்தது, தூண் வரை வந்தது, திரும்பிப் போனது. இன்னொரு தடவை அழுத்தினேன். எனக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும், கூப்பிட்டும் ஆள் வராத அந்தப் படுக்கையில் லேசாகப் பயம் வரத்தான் செய்தது. பயந்தால் எனக்கு அடுத்தபடி கோபம்தான் வரும். எழுந்து, நோயாளிகள் எல்லாரும் பார்க்க, விறுவிறுவென்று நடந்து போனேன்.

“செத்தே போயிட்டேன், தெரியுமா?”

நர்ஸுகள் திகைத்துப்போய் நின்றார்கள். “பார்த்தாச்சுன்னு வந்துச்சேம்மா. யாரோ உங்ககிட்ட இருக்காங்கன்னுதான் நான் போகல” என்றார் ஒருவர். இன்னொருவரும் அதையே சொன்னார். பொத்தானை அழுத்தியது ஒரு இளம் நர்ஸ். அழுகிற மாதிரி நின்றது அந்தப் பெண். “கையில ஊசியோட இருந்தேன். மெசேஜைப் பார்த்தேன், அதான் பார்த்தாச்சுன்னு அழுத்தினேன். அவங்க போயிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

“ட்ரெயினிங் பத்தல. இன்னொரு தடவை சொல்லிக்குடுத்துட்டா சரியாயிடும்” என்றார் எங்களோடு வந்திருந்த முதலாளி.

“அவங்க சரியாத்தான் படிச்சாங்க சார். எழுதினதுதான் தப்பு” என்றார் அக்கா.

“யாரு எழுதினது?”

எங்கள் முதலாளி வாழ்க்கையில் முதல்முறையாக ‘யாரு’ என்று கேட்டார். எல்லார் கண்ணும் மௌனத்தின் பக்கம் திரும்பியது. அவன் காதுமடல் சிவந்து, தோள் இரண்டும் சுருங்கியது. ஒரு ஆளை அந்தக் கேள்வி என்ன செய்கிறது என்று அக்கா அப்போதுதான் எதிரே நின்று பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“நான். நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்” என்றார்.

பிறகு மௌனம் வாயைத் திறந்தான். “அக்கா, ‘நான் போறேன்’னு போட்டுடலாமா? இடமும் போதும்.”

அக்கா அவன் தோளைத் தட்டினார்.

பஸ்ஸில் அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். “நான் போட்டது சரி, அவசரம். இவர் எப்படிடி விட்டார்? கல்யாணப் பத்திரிகையில கூடப் பிழை பார்த்த மனுஷன்.”

“வாங்க, போய் ஒரு வழி பண்ணிடலாம்” என்று நானும் கூட இறங்கினேன்.

வீட்டில் வெளிச்சம் போகாத நேரத்திலேயே கூடத்து விளக்கு, மேசை விளக்கு எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. மாமாவின் மேசை ஜன்னலை ஒட்டி நகர்ந்திருந்தது. மடியில் ஒரு கட்டு மெய்ப்பு, மேலே மூடிய பேனா.

“ஏங்க, உங்களால இன்னிக்கு இவ செத்துப் பொழச்சா” என்று அக்கா கைப்பையை வைத்துக்கொண்டே ஆரம்பித்தார். நான் நடித்துக் காட்டினேன், தூண், செருப்புச் சத்தம் எல்லாவற்றையும். மாமா வயிறு குலுங்கச் சிரித்தார்.

“எந்தச் சொல்லும்மா அது?”

“பார்த்தாச்சு.”

“சரியாப் போச்சு! எழுவாய் இல்லாத வாக்கியத்தைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில வைப்பாங்களா? அதை யாரு போட்டா?”

“நான் போட்டேன். நீங்கதான் பார்த்துட்டு சரின்னு சொன்னீங்க.”

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. “அப்படியா?” என்றார். மடியில் இருந்த தாள்களை ஏற்கெனவே ஒழுங்காக இருந்தும் இன்னும் ஒழுங்குபடுத்தினார்.

“நீங்கதானே பாத்தாச்சுன்னு…” என்று ஆரம்பித்த அக்கா, அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டார். நானும் அப்போதுதான் கேட்டேன், உண்மையாகக் காது கொடுத்து. பார்த்தேன் என்று அவர் சொல்லவில்லை.

அக்கா மெதுவாகக் கேட்டார். “ஊசி?”

“போட்டாச்சும்மா.”

‘யாரு’ என்ற கேள்வி அக்காவின் உதடு வரைக்கும் வந்தது. அதை அவர் விழுங்கினதை நான் பார்த்தேன். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் கை வைத்தார்.

“அளவு எவ்வளவு வச்சீங்க?”

“தெரியல.”

“தெரியலன்னா? போட்டது நீங்கதானே?” பழைய குரல் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

“தெரியலம்மா” என்றார் மாமா மறுபடி. இந்தத் தடவை கையை முகத்துக்கு நேரே தூக்கி, விரல்களை விரித்துக் காட்டினார். “தெரியல.”

நம் பேச்சில் அறியாததற்கும் கண்ணுக்குப் படாததற்கும் அந்த ஒரே சொல்தான். முதல் தடவை நாங்கள் ஒன்றாக எடுத்துக்கொண்டோம். அவர் சொன்னது மற்றதை.

“எண்ணு தெரியல. ஊசிப் பேனாவுல அவ்வளவு பொடிசா போட்டிருக்கான். திருப்பும்போது டிக் டிக்னு சத்தம் வரும்ல, அதை எண்ணிப் போடறேன். நடுவுல ஹாரன் அடிச்சா எண்ணிக்கை போயிடும். மறுபடி ஆரம்பிச்சா எங்க நிறுத்தினேன்னு தெரியாது.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “இடது கண்ணுல மை கொட்டின மாதிரி இருக்கு, வலதும் மங்கிட்டு வருது. கொஞ்ச மாசமாவே. அச்சகத்துல பக்கத்து மேசைக்காரர் படிச்சுச் சொல்றார், நான் கேட்டுத் திருத்தறேன். நீ அனுப்பினதைக் காட்ட யாரும் இல்ல. பெருசு பண்ணிப் பார்த்தேன். எழுத்து கலங்கிப் போச்சு.”

“எங்கிட்ட ஏங்க சொல்லல?”

“எப்படிச் சொல்றது? பிழை பாக்கறவனுக்குக் கண்ணு போச்சுன்னா அப்புறம் அவன் யாரு? நீயும் கேப்ப. எப்போலேர்ந்து, யாரு பாத்தா, ஏன் சொல்லலன்னு வரிசையா கேப்ப. எங்கிட்ட ஒண்ணுக்கும் பதில் இல்லம்மா. போட்டாச்சுன்னு சொல்லிட்டா நீ நிம்மதியா போனை வச்சிடுவ.”

அக்கா அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அலுவலகத்தில் எதற்கும் கலங்காத அந்த அம்மா, தேம்பித் தேம்பி அழுதார். மாமாவின் கை தடவித் தடவி அவர் தலையைக் கண்டுபிடித்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு டீ போட்டேன். யாரும் குடிக்கவில்லை. குடிக்கிற மாதிரியும் இல்லை அது, சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருந்தேன்.

மறுநாளே கண் டாக்டரிடம் போனார்கள். இடது கண்ணில் போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார். வலது கண்ணைப் பிடித்து நிறுத்தலாம், சிகிச்சைக்குத் தொடர்ந்து வரவேண்டும், சர்க்கரை ஒரே நிலையில் இருக்கவேண்டும் என்றார். அன்றிலிருந்து ஊசியின் எண்ணை அக்கா பார்த்து வைத்தார்; அவர் வர நேரமானால் பக்கத்து வீட்டம்மா. அச்சகத்தில் மாமா தானே போய்ச் சொன்னார். பக்கத்து மேசைக்காரர் படிக்க, இவர் கேட்டுத் திருத்துவதை அவர்கள் வேலையாகவே ஆக்கிக் கொடுத்தார்கள். காதால் பிழை பிடிப்பதில் இன்னும் கெடுபிடி என்று அங்கே புகார்.

அலுவலகத்தில் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். பூசி மெழுகவில்லை. அன்றைய கூட்டத்தில் மௌனம், “நர்ஸ் வார்டு மாறினாலும் மணி தொடர்ந்து போற வேலை முடிச்சாச்சு” என்றான்.

நாங்கள் எல்லாரும் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தோம். அக்கா அவன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “உனக்கு யாரு கூட வேணும்?” என்றார்.

மௌனம் அவரைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். “முடியலக்கா” என்றான். “ஒரு தளத்துலேர்ந்து இன்னொரு தளத்துக்குப் போனா மணி விட்டுப்போகுது. ரொம்ப நாளா சொல்லணும்னு… தேதி குடுத்துட்டாங்களேன்னு சொல்லல.” அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை.

அக்கா நிர்வாகிக்குப் போன் போட்டு, “சொன்ன தேதியில முடியாது சார்” என்று சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி பேயைக் கண்டவர் போல எழுந்து நின்றார். அந்த முனையில் கோபப்பட்டார்கள், எதற்கு என்று கேட்டார்கள், அக்கா உள்ளதைச் சொன்னார். கடைசியில் சரி என்றார்கள். இவ்வளவுதானா என்று முதலாளி என்னிடம் வந்து கேட்டார். இவ்வளவுதான் சார் என்றேன்.

மருத்துவமனை முழுக்க மணியை இயக்கும் நாள் ஒருவழியாக வந்தது. நாங்கள் எல்லாரும் வார்டிலேயே இருந்தோம். முதல் மணி ஒரு வயசான அம்மாவுடையது. கருவி அதிர்ந்தது, அதே இளம் நர்ஸ் ‘நான் போறேன்’ என்று அழுத்திவிட்டுப் போனது. என்ன வேணும் என்று கேட்டதற்கு அந்த அம்மா, “ஒண்ணுமில்ல, யாராவது வர்றாங்களான்னு பார்த்தேன்” என்றாராம். மௌனம் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் ஒரு தளத்தில் கருவிகளில் சின்னத் தகராறு. அக்கா இல்லாமல் நகராது என்ற நிலையில் எல்லாரும் அவரைச் சுற்றி நின்றோம். அப்போது அவர் போன் அடித்தது. கையில் கருவி இருந்ததால் போனை மேசையில் வைத்து, ஸ்பீக்கரில் பேசினார்.

“ஊசி போட்டுக்க பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டீங்களா?”

“கூப்பிடல” என்றது மாமாவின் குரல். கொஞ்சம் தயங்கியது. “நான் இன்னும் போடல. எனக்குப் பயமா இருக்கு. நீ வா.”

அந்த மனிதர் அப்படி ஒரு வாக்கியம் சொல்லி நான் கேட்டதே இல்லை. அக்கா ஒரு நொடி எங்களைப் பார்த்தார். சுற்றிலும் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே மௌனம் கையை நீட்டிக் கருவியை வாங்கிக்கொண்டான்.

“நான் பாத்துக்கறேன்க்கா” என்றான்.

“நான் போறேன்” என்றார் அக்கா. கைப்பையை எடுத்துக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திருக்காமல், படியில் இறங்கிப் போனார்.